உள்ளூர்ச் சரக்கும் வியாபாரியின் பொறுப்பும்

உள்ளூரில் விளைவதையும் உள்ளூர்த் தொழிலாளர் கையால் செய்வதையும் வாங்கி ஆதரிக்க வேண்டும் என்று பேசாதவர் இன்று இல்லை. மலேசியப் பொருள்களையே வாங்குங்கள் என்னும் அரசாங்க இயக்கம் 1980களிலேயே நடந்தது. இப்போது கடைக்கு வரும் படித்த பிள்ளைகளும் அதையே சொல்லுகிறார்கள். நல்ல பேச்சுத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் வாங்கி உபயோகிப்பவரைப் பார்த்தே சொல்லப்படுகிறது. செய்கிறவருக்கும் உபயோகிக்கிறவருக்கும் நடுவே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மை யாரும் கேட்பதில்லை. நாமும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று சும்மா இருந்துவிடுகிறோம். அதற்கு மேலும் ஓர் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. குடிசையில் செய்கிற ஏழையிடம் கொள்முதல் செய்தால் அவருக்கு ஏதோ தருமம் செய்துவிட்டதாக நினைக்கிறோம். எனக்கும் அந்த நினைப்பு வெகு காலம் இருந்தது. அது சரிதானா என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம். நான் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பு இல்லை. கடையில் கண்டதைக் கொண்டே எழுதுகிறேன். பிழையிருந்தால் பெரியவர்கள் திருத்தட்டும்.

எங்கள் மளிகைக் கடை தெலுக் இந்தான் பக்கம், அத்தா தொடங்கியது. அங்கிருந்து பாகான் டத்தோ போகிற வழியெல்லாம் தென்னந்தோப்பு என்பது யாவரும் அறிந்ததே. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் மாதம் இருமுறை மோட்டார் சைக்கிளில் குலா மலாக்கா கொண்டுவந்து போடுவார். பாக் சிக் என்றுதான் கூப்பிடுவோம். அத்தா காலத்திலிருந்து வருகிற சரக்கு. கறுத்து, மெத்தென்று, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். பெட்டியைத் திறந்தால் விறகுப் புகையின் வாசனை கடை முழுதும் வரும். செண்டோல் போடுகிறவர்களும் பலகாரம் செய்து விற்கிற பெண்களும் அதைத் தேடி வருவார்கள்.

அது எப்படி உண்டாகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விரியாத தென்னம்பாளையைக் கட்டி, பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவிக் கீழே குடுவை மாட்டுகிறார்கள். காலையிலும் மாலையிலும் மரம் ஏறி மறுபடி சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் பாளை வறண்டு போகும். இறக்கிய சாற்றை உடனே காய்ச்ச வேண்டும். சில மணி நேரம் கவனியாமல் விட்டால் ஹலாலான சாறு கள்ளாகி நிற்கும். மரத்துக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் ஒன்று ஒன்றரை லிட்டர் கிடைக்கும். ஏழெட்டு லிட்டரை மணிக்கணக்கில் விறகடுப்பில் வற்றக் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம். அதை மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைத்தால் உருளை உருளையாக வரும். இருபது மரம் ஏறுகிற ஒருவர் நாள் முழுக்கப் பாடுபட்டு மூன்று அல்லது நாலு கிலோ காண்பார். மழைக்காலத்தில் மரம் வழுக்கும், சாற்றிலும் தண்ணீர் சேரும், அதுவும் கிடையாது.

இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அத்தா மௌத்தான பிறகு கடை என் கைக்கு வந்தது. ஒருநாள் வேன் வைத்து வியாபாரம் செய்யும் ஒருவர் அதே பெயரில் வேறு சரக்கைக் காட்டினார். ஒரே அளவு, ஒரே நிறம், கிலோவுக்கு நாலு வெள்ளி குறைவு. நான் அதை வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூடப் பாவம் குறைவாக இருந்திருக்கும். பாக் சிக் வந்தபோது அதை அவர்முன் வைத்து, "இந்த விலைக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது" என்றேன். அவர் பேசாமல் போய்விட்டார். அதற்கு முன்பே இன்னொன்றும் செய்து வந்தேன். அத்தா கையோடு காசு கொடுப்பார். நானோ நாற்பத்தைந்து நாள் தவணை சொல்லியிருந்தேன். பெரிய கம்பெனிக்காரனுக்குத் தேதி தப்பாமல் செக்கு. மரம் ஏறுகிறவருக்கு 555 நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி. நம் கடைகளில் இது ஒன்றும் புதுமை அல்ல.

இரண்டு மாதம் கழித்துப் பாக் சிக் நான் கேட்ட விலைக்கே சரக்கு கொண்டுவந்தார். உருளை கெட்டியாக இருந்தது. உடைத்தால் மணல் போல மின்னிற்று. சீனி கலந்திருக்கிறது என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மளிகைக்கடைக்காரனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆயினும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'அசல் குலா மலாக்கா' என்று எழுதி மாட்டியிருந்த அட்டையையும் எடுக்கவில்லை. நெடுநாள் வாடிக்கையான பலகாரக்கார அம்மா ஒருவர் பாதி உருளையைத் திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, இது அந்தப் பெரியவர் சரக்கு மாதிரி இல்லையே" என்றார். "அவரேதான் அம்மா கொண்டுவந்து கொடுத்தார்" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையைப் போலப் பெரிய பொய் என் ஆயுளில் நான் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் இருக்கும் இடத்துக்கே போனேன். அவரைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுப்பருகே வெள்ளைச் சீனிப் பை இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. துடுப்பைக் கிண்டிக்கொண்டே, "தவுக்கே, நீங்கள் கேட்ட விலைக்கு இந்தச் சரக்குத்தான் வரும். நான் தெரிந்துதான் கொடுத்தேன், நீங்களும் தெரிந்துதான் வாங்கினீர்கள்" என்றார். பதில் சொல்ல என் வாயில் ஒன்றும் இல்லை.

இதில் மோசம் செய்தவர் யார்? கலந்தவர் அவர். சட்டத்தின்முன் போனால் பொய் அட்டை மாட்டி விற்றவன் நான். 2011ஆம் வருஷத்து வர்த்தக விவரிப்புச் சட்டம் அப்படி விற்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டத்தில் அகப்படாத ஒன்று மிச்சம் இருக்கிறது. நேர்மையாகச் செய்தால் அடங்காத ஒரு விலையை நான் கேட்டேன். அப்படிக் கேட்கிறபோதே கலப்படத்தையும் சேர்த்துத்தான் கேட்டேன். வாயால் சொல்லவில்லை என்பது ஒன்றுதான். இரு தரப்பும் மனமொப்பி நடப்பதே வியாபாரம் என்று மதரஸாவில் ஓதினோம். அவர் ஒப்பித்தானே கொடுத்தார் என்று ஆரம்பத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு கடை நாலு இருந்து, அதில் என் கடையை அவர் தேர்ந்துகொண்டிருந்தால் அது ஒப்புதல். முந்தின பாக்கி என் புத்தகத்தில் நிற்க, அதை விட்டுவிட்டுப் போக முடியாமல் தலையாட்டுவதை எப்படி அந்தப் பெயரால் அழைப்பது? ஃபிக்ஹுச் சட்டப்படி அந்த வியாபாரம் செல்லும் என்று ஆலிம்கள் சொல்லலாம். நான் அதில் தலையிடவில்லை. எனக்கு அது செரிக்கவில்லை என்று மட்டும் சொல்லுகிறேன்.

தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட சம்பவத்தை நம் பிள்ளைகள் அனைவரும் படிக்கிறார்கள். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பது அங்கே கேள்வி. நாற்பது வயது வரை அந்தச் சம்பவத்தை நான் எடைக்கல்லோடும் தராசோடுமே சேர்த்து நினைத்திருந்தேன். என் அட்டைக்கு அடியில் இருந்த ஈரம் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உள்ளூர், உள்ளூர் என்று பேசுகிறாயே, நம் பிழைப்பே கடல் கடந்து வந்த சரக்கில் அல்லவா நடக்கிறது என்கிறார்கள். வாஸ்தவம்தான். மலாய்க்காரர் காயின் பெலிகாட் என்று உடுத்தும் கைலிக்கு அந்தப் பெயர் வந்ததே நம் பழவேற்காட்டுத் துறையை வைத்து. வெங்காயமும் மிளகாய் வற்றலும் அங்கிருந்து வராவிட்டால் என் கடையில் பாதி அலமாரி காலி. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிய கீற்றாகக் கிழித்து, பத்தமடையில் நம் சமுதாயத்துப் பெண்கள் நெய்கிற பாய் எனக்கு எத்தனை மைல் தூரம்! தூரம் என்பதால் அந்தப் பெண் வேறு, பக்கத்துக் கம்பத்துப் பாக் சிக் வேறு ஆகிவிடுவார்களா? அருகில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருளுக்குச் சிறப்பு வந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. (அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்ட அதே நான் கடையில் பிளாஸ்டிக் பாய்தான் விற்கிறேன். அது வேறு கதை.)

ஆனால் அருகில் இருப்பதால் ஒரு வித்தியாசம் நிச்சயமாக உண்டு. தூரத்துச் சரக்கைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், மூட்டை வந்தது, விற்றேன்" என்று சொல்லித் தப்பலாம். அது பாதிக்காவது உண்மையாக இருக்கும். உள்ளூர்ச் சரக்கில் அந்த வாசல் அடைபட்டுப் போகிறது. அரைமணி நேரம் மோட்டார் ஓட்டினால் அடுப்பைப் பார்க்கலாம், மரத்தைப் பார்க்கலாம், செய்கிறவர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆகவே உள்ளூர்க்காரரிடம் வாங்குவது எனக்கு ஒரு நன்மையைச் சேர்த்துக் கொடுக்கிறது என்று நினைத்திருந்தவன், இப்போது அது என் கணக்கில் ஒரு பொறுப்பை ஏற்றுகிறது என்று நினைக்கிறேன். தெரியாது என்று சொல்ல முடியாதவனிடம் கேள்வி கூடுதலாகத்தானே இருக்கும்?

இன்னொரு நியாயமும் சொல்லப்படுகிறது. விலை ஏறினால் ஏழை வாடிக்கைக்காரர் எங்கே போவார் என்பது. இதை நான் லேசாக எண்ணவில்லை. வசதியுள்ளவர் பத்து வெள்ளி அதிகம் கொடுத்து வாங்கிவிட்டு, சீனி கலந்ததை வாங்கும் கூலிக்காரரைப் பார்த்து முகம் சுளிப்பது அசிங்கம். கலந்த சரக்கு ஹராம் அல்ல. கலந்ததைக் கலக்காதது என்று விற்பதுதான் கூடாதது. அதே வசதியுள்ளவர், ஜார்ஜ் டவுனில் தலையை அளந்து, காகிதமும் துணியும் அடுக்கி, கையால் சொங்கோக் தைத்துக் கொடுக்கும் நம்மவரிடம் ஐந்து வெள்ளி குறைக்க அரைமணி நேரம் நின்று பேசுவார். பேரங்காடியில் எழுதி ஒட்டிய விலையை வாய் திறவாமல் கொடுப்பார். இது எந்த ஊர் நியாயமோ எனக்கு விளங்கவில்லை.

இப்போது கடையில் இரண்டு கூடை வைத்திருக்கிறேன். ஒன்றில் 'தென்னஞ்சாறு மட்டும்' என்றும் மற்றதில் 'சீனி கலந்தது' என்றும் மலாயிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. இரண்டும் பாக் சிக் சரக்கே. கலக்காததன் விலையை அவரே சொல்லுகிறார், நான் அதில் பேரம் பேசுவதில்லை. பணம் அத்தாவைப் போலக் கையோடு கொடுத்துவிடுகிறேன். இதனால் வியாபாரம் பெருகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு அட்டையாகிவிடும். கலந்ததே மூன்று பங்கு போகிறது. கலக்காததில் எனக்கு நிற்பது சொற்பம். மழை மாதங்களில் அந்தக் கூடை வெறுமனே கிடக்கும். அவருடைய பிள்ளைகளில் ஒருவரும் மரம் ஏறுகிறவர் இல்லை; அவருக்குப் பிறகு அந்தக் கூடையில் எதை வைப்பேன் என்பதும் தெரியவில்லை.

பலகாரக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வெகு நாள் பிடித்தது. கல்லாவை விட்டு இறங்கிப் போய்ச் சொன்னேன். "எனக்கு அன்றைக்கே தெரியும் தம்பி" என்றார். பிறகு இரண்டு கூடையின் விலையையும் கேட்டார். கலந்ததில் இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னார். பெருநாளைக்கு என்று மற்றதில் கால் கிலோ.