உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் பாட்டிமார் வாயில் வழங்கிவரும் பழமொழி. உண்ட சோற்றுக்காக உயிரையும் கொடுப்பதைச் செஞ்சோற்றுக் கடன் எனப் போற்றினர் நம் முன்னோர். செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆகவே, விசுவாசம் உயர்ந்த பண்பு என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால், அவ்விசுவாசம் யாருக்கு உரியது? அரசனுக்கா? நாட்டுக்கா? அவ்விரண்டினும் பெரிதாகிய அறத்துக்கா? இம்மூன்றும் ஒரே வழியில் செல்லும்போது இவ்வினா எழுவதில்லை. அவை பிரியும்போதுதான் மனிதன் சோதிக்கப்படுகிறான்.

கம்பன் இச்சோதனையை இரு உடன்பிறப்புகளிடம் வைத்துக் காட்டினான். சீதையைச் சிறை வைத்தது தவறு என்று இராவணனுக்கு எடுத்துரைத்தவன் வீடணன்; கும்பகருணனும் அதையே இடித்துரைத்தான். இருவர் சொல்லும் ஏற்கப்படவில்லை. ஒருவன் அறத்தை நாடி அண்ணனைப் பிரிந்தான். மற்றவனோ, தோல்வி உறுதியென்று தெரிந்தும், வளர்த்தவனுக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டான். கம்பன் இவ்விருவரில் எவரையும் சிறுமைப்படுத்தவில்லை. வீடணனைத் துரோகி என்றும், கும்பகருணனை அறிவிலி என்றும் ஒரே சொல்லில் தள்ளிவிட நம் மனமும் ஒப்புவதில்லை.

இது காவியத்தோடு முடிந்த வழக்கன்று. 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் இதே வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. மூவரும் மன்னர் பெயரால் உறுதிமொழி எடுத்தவர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்கள். பரம்பரையாகப் படைத்தொழில் புரிந்த குடும்பத்தில் வந்த ஷா நவாஸ் கான், மன்னருக்கு விசுவாசமா, நாட்டுக்கு விசுவாசமா என்ற கேள்வி தம்முன் நின்றதென்றும், தாம் நாட்டையே தேர்ந்ததாகவும் நீதிமன்றத்தில் உரைத்தார். அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டென வாதாடினார் புலாபாய் தேசாய்.

இங்கேதான் பழமொழியின் உட்பொருளை நாம் ஆராய வேண்டியவர்களாகிறோம். மன்னரின் உப்பைத் தின்றவர்கள் மன்னரை எதிர்க்கலாமா என்றது ஆட்சி. அந்த உப்பு யாருடையது? இந்தியப் படையின் செலவை அமைதிக்காலத்தில் பெரும்பாலும் சுமந்தது இந்திய உழவன் கொடுத்த வரியன்றோ! பரிமாறிய கை வேறு, விளைவித்த கை வேறு. பரிமாறியவனையே உப்பிட்டவன் என்று மயங்குவதே இராசவிசுவாசத்தின் பிழை.

ஆயினும் வழக்கின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்திய வீரர்களுள் எல்லாருமே புதிய படையில் சேர்ந்துவிடவில்லை. கொடுத்த வாக்கை மீறமாட்டோம் என்று மறுத்தோர் பல்லாயிரவர். அவர்களுள் பலர் நியூகினிக்குக் கொண்டு செல்லப்பட்டு, கடும் உழைப்பிலும் பசியிலும் நோயிலும் மடிந்தனர். அவர்களை அந்நியனின் அடிமைகள் என்று யார் இகழத் துணிவர்? எதிர்ப்புறம், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் திரளாக அப்படையில் சேர்ந்தனர். இந்திய மண்ணையே கண்டறியாத இளம்பெண்கள் பலர், சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். இருசாராரும் தத்தம் விசுவாசத்துக்குத் தம் உடலையே விலையாகக் கொடுத்தனர்.

செங்கோட்டை வழக்கில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழவே, 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதனை நீக்கினார்; படைப்பதவிப் பறிப்பை நிலைநிறுத்தினார். வியப்பு யாதெனில், விடுதலை பெற்ற இந்தியாவும் அவ்வீரர்களைப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களை வாழ்த்திய நாடே, வாக்கு மாறாத படையையும் விரும்பியது. இதனை வெறும் நன்றிகேடு என்று தள்ளிவிடவும் இயலாது. முழு நீதி என்று ஏற்கவும் இயலாது. ஆனால், ஒரு முடிச்சு அவிழ்க்கப்பட்டது. குடியரசின் போர்வீரன் இன்று ஒரு மன்னரின் பெயரால் அன்று, அரசியலமைப்புச் சட்டத்தின் பெயரால் உறுதிமொழி எடுக்கிறான். ஆள்வோர் மாறுவர், கடன் மாறுவதில்லை.

அங்ஙனமாயின், உண்மை விசுவாசத்தை எவ்வாறு இனங்காண்பது? மூன்று அடையாளங்கள் உண்டெனக் கருதுகிறோம். முதலாவது, தவறு நேருமிடத்து அதை முகத்துக்கு நேரே சொல்லுதல். அரசன் கேட்கும் நிலையில் இல்லையாயினும் நல்லதைச் சொல்வதை அமைச்சனுக்குக் கடமையாக்குகிறார் வள்ளுவர். வீடணனும் கும்பகருணனும் பிரியுமுன் இவ்வொன்றில் ஒன்றுபட்டனர். இரண்டாவது, அதன் விலையைப் பிறர் தலையில் சுமத்தாமல் தானே கொடுத்தல். மூன்றாவது, மாற்றுத் தரப்பில் நின்று விலை கொடுத்தவனையும் மதித்தல். இம்மூன்றும் இல்லாத இடத்தில் விசுவாசம் என்பது முகத்துதியாகவோ வெறியாகவோ முடியும்.

பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி பொழுதுபோக்கன்று. நீங்கள் இவ்வூருக்கு உரியவர்களா, உங்கள் ஊருக்கா என்று நம் பிள்ளைகளிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடன் ஒருவருக்குத்தான் படவேண்டும் என்று எந்த அறநூல் விதித்தது? பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் ஒருவன் ஒருங்கே கடன்படலாம். மொழி தந்த மண்ணை மறவாமல் இருப்பது ஒரு கடன். சோறு தந்த ஊரின் நலத்தில் பங்கேற்பது மற்றொரு கடன். ஒன்றைக் காட்ட மற்றதை மறுத்துரை என்று எவரேனும் வற்புறுத்தினால், அவர் கேட்பது விசுவாசத்தை அன்று, பணிவை என்று நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். இங்கே அநீதி கண்டால் இங்கும், அங்கே கண்டால் அங்கும் வாய்திறந்து சொல்லக் கற்கட்டும். உப்பிட்டவருக்கு நாம் திருப்பிச் செலுத்தக்கூடியவற்றுள் அதனினும் மேலானது வேறில்லை.