நீர் மாறியும் நிற்கும் உரு

கொட்டச்சேட்டு மலைச்சரிவில் இரண்டரை சென்டிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் இறங்கினால், அது கொந்தளிப்பு ஓட்டம்தான். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் விட்ட சாய இழை, வேகம் எல்லை மீறியதும் சிதறியது. ஆனால் அந்தச் சிதறலுக்குள்ளும் உருவங்கள் உண்டு. சுவரோரத்தில் ஓட்டம் திடீரெனப் பொங்கும் வெடிப்புகளின் கால இடைவெளியை ஓட்டப்படலம் முழுவதன் தடிமனும் வேகமுமே தீர்மானிக்கின்றன என்று பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவும் உடன் உழைத்தவர்களும் 1971-இல் காட்டினார்கள். குழாய்களில் ஆரத்தைப் போல் பன்னிரண்டு, பதினான்கு மடங்கு நீளும் பேருருவங்களை 1999-இல் ஆய்வாளர்கள் கிம்மும் ஏட்ரியனும் அளந்தார்கள். நம் குழாயில் அது ஏறத்தாழ ஓர் அடி! எந்தத் துளியும் அந்த உருவுக்கு நிரந்தரச் சொந்தமில்லை. அப்படியானால் அதை ‘உள்ளது’ எனலாமா?

பார்ப்பவர் மனம் கோத்த கற்பனை என்பது முதல் மறுப்பு. கற்பனை சுமை தூக்காது. நீளவாட்டக் கொந்தளிப்பு ஆற்றலில் பாதியளவை இவ்வுருவங்கள் சுமக்கின்றன. வினைபுரிவது உள்ளதுதான். கணந்தோறும் அழிவதே உலகம் என்ற மணிமேகலையின் பௌத்தத்துக்கு இது வலுச் சேர்க்கிறது: தொடர்ச்சிக்கு அழியாத அடிப்பொருள் தேவையில்லை. நேற்றை இன்று நினைப்பது யார் என்று சைவ சித்தாந்தி கேட்பார். அது கனமான கேள்வி, நீருக்கு நினைவில்லை. ஆகவே குழாய் ஓட்டம் ஆன்மாவை மறுக்கவில்லை. மாறாதது மட்டுமே மெய் என்ற வாதத்தை மட்டும் அது வீழ்த்துகிறது.