முகமறியாதவரைப் பற்றிச் சொல்லும் சாட்சி

தபாற்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தருகிறார். உள்ளே, நீங்கள் கணினியில் ஏலம் கேட்டு வென்ற பொருள் இருக்கிறது. அனுப்பியவர் கடலுக்கு அப்பால் இருப்பவர். அவர் முகத்தை நீங்கள் கண்டதில்லை. இனிக் காணப்போவதும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்ததும் ஏலத்தளம் உங்களிடம் ஒன்று கேட்கிறது: இவருடன் செய்த வியாபாரம் எப்படி இருந்தது? நல்லது, நடுத்தரம், கூடாது என்ற மூன்றில் ஒன்றைக் குறித்து, சுருக்கமாக ஓரிரு சொல்லும் எழுதலாம். அன்பான வாசகரே, நீங்கள் என்ன எழுதுவீர்கள்? யாரை மனதில் வைத்து எழுதுவீர்கள்?

இது அற்ப காரியம் என்று தோன்றலாம். சந்தையில் விற்பவரின் முகம் நமக்குத் தெரியும். குறை இருந்தால் மறுநாள் அதே இடத்துக்குப் போய்க் கேட்கலாம். இணைய ஏலத்திலோ முகமும் இல்லை, இடமும் இல்லை. முன்பு வாங்கியவர்கள் எழுதிவைத்த சொற்கள் மட்டுமே உண்டு. அவற்றை நம்பித்தான் அடுத்தவர் பணம் அனுப்புகிறார்.

இந்த முறை பிறந்த கதை சுவையானது. 1995 செப்ரெம்பரில், கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் ஓய்வுநேர வேலையாக ஓர் ஏலத்தளத்தை ஆரம்பித்தார். பின்னாளில் ஈபே என்று உலகமெங்கும் பேர்பெற்றது அதுவே. அங்கு முதலில் விலைப்பட்டது உடைந்துபோன லேசர் விளக்கு ஒன்று. விலை 14 டொலர் 83 சதம். அது வேலை செய்யாதது என்று தெரியுமா என வாங்கியவரைக் கேட்டபோது, உடைந்தவற்றையே தாம் சேகரிப்பதாக அவர் பதில் சொன்னாராம். எல்லா வியாபாரமும் இப்படி இனிதாக முடியுமா? சண்டைகள் வந்தன, முறைப்பாடுகள் ஒமிடியாருக்கே போயின. எல்லாருக்கும் நீதிபதியாக இருக்க அவரால் இயலவில்லை. 1996 பெப்ரவரியில், நிறையோ குறையோ நீங்களே ஒருவரைப் பற்றி ஒருவர் பகிரங்கமாக எழுதுங்கள் என்று ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்.

என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம். மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் போல் றெஸ்னிக்கும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து றிச்சர்ட் செக்ஹவுசரும் 1999 ஆம் ஆண்டின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வாங்கியவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே ஏதாவது எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேர் நல்லது என்றே எழுதியிருந்தார்கள். 'கூடாது' என்று எழுதியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

உலகம் இவ்வளவு நல்லதா? பெரும்பாலோர் நாணயமானவர்கள் என்பது மெய்தான். அதை மறுக்க நான் விரும்பவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அக்காலத்தில் விற்பவரும் வாங்கியவரைப் பற்றி எழுதலாம். நீ என்னைக் கூடாதவன் என்றால் நான் உன்னைக் கூடாதவன் என்பேன் என்ற பயம் இரு பக்கமும் இருந்தது. சில வியாபாரிகள், வாங்கியவர் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்து அதற்கேற்பப் பதில் எழுதினார்கள். ஆகவே பலர் மனதில் இருந்த குறையை விழுங்கிவிட்டு 'நல்லது' என்று குறித்தார்கள். அல்லது பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பயத்தினால் எழுதிய அந்த 'நல்லது' யாருக்குத் தீமை செய்தது? விற்றவருக்கு அல்ல, எழுதியவருக்கும் அல்ல. அதை நம்பி நாளை பணம் அனுப்பப்போகும் மூன்றாமவருக்கே. அவர் அந்தப் பேரத்தில் இல்லை, தமக்காகப் பேச அவருக்கு வாயும் இல்லை. நாம் எழுதும் சொல் விற்றவருக்குக் கொடுக்கும் சன்மானமும் அல்ல, தண்டனையும் அல்ல. மூன்றாமவர் முன் நாம் சொல்லும் சாட்சி அது. பிறருடைய உண்மையான குறையைக்கூடத் தகுந்த காரணமின்றி வெளியே சொல்லலாகாது என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். அதைச் சாட்டாக வைத்து இங்கே மௌனமாய் இருப்பவர்களும் உண்டு. தகுந்த காரணம் இல்லாமலா போயிற்று? அந்த மூன்றாமவரே காரணம்.

அந்தப் பயத்தை நீக்கவே 2008 ஆம் ஆண்டில் ஈபே விதியை மாற்றியது. விற்பவர் இனி வாங்குபவருக்குக் கெட்ட குறி இட முடியாது. விற்பவர்கள் கொதித்தெழுந்தார்கள், சிலர் ஒரு வாரம் பொருள் விற்காமல் பகிஷ்கரித்தார்கள். அவர்களுடைய மனத்தாங்கலில் பாதியாவது நியாயமானது என்பது என் எண்ணம். தடி கைமாறிற்று, அவ்வளவுதான். பாதிப் பணத்தைத் திருப்பித் தா, இல்லையேல் கெட்ட குறி இடுவேன் என்று மிரட்டுகிற வாங்குவோரும் இருக்கிறார்கள். அப்படி மிரட்டுவது ஈபேயின் விதிக்கு மாறானது; என்றாலும் மிரட்டுபவர் விதியைப் படித்துவிட்டா மிரட்டுகிறார்? வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவோரை இணைக்கும் ஏயார்பிஎன்பி கொம்பனி 2014 இல் கண்ட வழி எனக்கு மேலானதாகப் படுகிறது. இருவர் எழுதியதும் மூடியே இருக்கும். இருவரும் எழுதி முடித்த பின்னர், அல்லது 14 நாட்கள் கழிந்த பின்னர்தான் திறக்கப்படும். மற்றவர் என்ன எழுதினார் என்று பார்த்துப் பழிவாங்க இடமில்லை.

விதி எவ்வளவு திருந்தினாலும், எழுதுகிற கை நம்முடையது. ஓர் உதாரணம் எடுப்போம். பழைய கமரா ஒன்றை ஏலத்தில் வாங்குகிறீர்கள். 'நல்ல நிலையில் உள்ளது' என்று போட்டிருந்தது. வந்தபின் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. கோபம் வருகிறது, 'கள்ளன், ஏமாற்றிவிட்டான்' என்று எழுதக் கை துடிக்கிறது. பொறுங்கள். உங்களுக்குத் தெரிந்தது என்ன? லென்ஸில் பூஞ்சணம் இருக்கிறது, அது விளம்பரத்தில் சொல்லப்படவில்லை. இவ்வளவே. விற்றவர் அறிந்தே மறைத்தாரா, அல்லது காலஞ்சென்ற தகப்பனின் அலுமாரியில் கிடந்ததை ஒன்றும் அறியாமல் விற்றாரா என்பது உங்களுக்குத் தெரியாது. கண்ணால் கண்டதை எழுத உங்களுக்கு உரிமை உண்டு; காணாத நெஞ்சை எழுத உரிமை இல்லை. பொருள் தாமதித்து வந்தாலும் இதே கதைதான். அவர் மறுநாளே தபாலில் சேர்த்திருக்க, சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்திருக்கலாம்.

ஆகவே முதலில் அவருக்கே எழுதிக் கேளுங்கள். நடந்ததைச் சொல்லி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: பணமா, வேறு லென்ஸா, விலையில் ஒரு பங்கா? பலர் கோபத்தைக் கொட்டுவார்கள், வேண்டியதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். 1999 இல் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஈதன் காற்ஷ் என்பவர் ஈபே பிணக்குகளுக்கு மின்னஞ்சல் வழியாக மத்தியஸ்தம் செய்து பார்க்கும் பரிசோதனை ஒன்றை நடத்தினார். ஸ்குவெயர்ட்றேட் என்ற கொம்பனி அதன் பின்னர் இவ்வேலையைப் பெரிய அளவில் செய்தது. அங்கு முதலில் இரு பக்கத்தாரும் ஒரு படிவத்தை நிரப்பித் தாமே பேசித் தீர்க்க முயல்வார்கள். முடியாவிட்டால்தான் மத்தியஸ்தர் வருவார். பிற்காலத்தில் ஈபேயின் பிணக்குப் பகுதியை நடத்திய கொலின் றூல், ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடி பிணக்குகள் வந்தன என்றும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை மனித நடுவர் எவரும் தலையிடாமலே தீர்ந்தன என்றும் கூறியிருக்கிறார்.

சரி, அந்தக் கமராக்காரர் மன்னிப்புக் கேட்டு, பணத்தையும் தபாற்கூலியையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன எழுதுவது? குறையை மறந்து வெறும் 'நல்லது' போடுவதே பெருந்தன்மை என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. லென்ஸில் பூஞ்சணம் இருந்தது, சொன்னவுடன் பணத்தைத் திருப்பித் தந்தார் என்று இரண்டையும் எழுதி, நல்லது என்றே குறிக்கலாம். அவர் கமராக்களைச் சரியாகப் பரிசோதிப்பதில்லை, ஆனால் கேட்டால் ஓடி ஒளிபவரல்லர் என்பது அடுத்தவருக்கு விளங்கும். பழுதில்லாத பொருளை விற்றவரைவிட இவரைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிகிறது.

முன்சொன்ன றெஸ்னிக்கும் செக்ஹவுசரும் வேறு இருவரோடு சேர்ந்து செய்த இன்னொரு பரிசோதனை 2006 இல் வெளியாயிற்று. நற்பெயருள்ள ஒரு வியாபாரி பழைய தபால் அட்டைகளைத் தமது பெயரிலும், யாரும் அறியாத புதுப் பெயர்களிலும் விற்றார். அட்டைகள் ஒரே தரமானவை, விற்றவரும் ஒருவரே. ஆனாலும் நற்பெயருக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 8 வீதம் கூடுதலாகக் கொடுக்க மக்கள் ஆயத்தமாக இருந்தார்கள். புதியவர் நாணயமாக நடந்தாலும் அந்த எட்டு வீதத்தை இழந்தே தொடங்குகிறார். அதை ஈட்டிக்கொள்ள, வாங்கியவர்கள் எழுதுகிற ஓரிரு வரியைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அவர் கோப்பையைப் பழைய பத்திரிகைத் தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, உடையாமல் அனுப்பியிருக்கிறார். நீங்கள் பெட்டியைத் திறந்து, கோப்பையை அலுமாரியில் வைத்துவிட்டு, கணினியை மூடிவிட்டு எழுந்து போகிறீர்கள்.