நிறுத்திக்கொள்ளும் உரிமை

அயர்ன்மேன் ட்ரையத்லான் என்றால் என்ன என்பதை அறந்தாங்கிக் கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். முதலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கடலில்தான் நீந்துவேன் என்றால் கட்டுமாவடிப் பக்கம் போக வேண்டும். அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு இரண்டு முறை போய்த் திரும்பி, மறுபடி ஒருமுறை புதுக்கோட்டை வரை போனால் ஏறக்குறைய அவ்வளவு வரும். இறங்கின கையோடு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். புதுக்கோட்டையிலிருந்து ஓடியே அறந்தாங்கி வந்து, ஊரையும் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடணும். இவ்வளவையும் பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதை நம்ம ஊர் டீக்கடையில் சொன்னால் முதலில் வரக்கூடிய கேள்வி, “இதுக்கு எவ்வளவு கூலி குடுப்பாங்க?” கூலி கிடையாதுங்க, நாமதான் காசு கட்டணும் என்றால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு நியாயமான சந்தேகம் இருக்கிறது. நாள் முழுக்க உடம்பை வருத்துவது ஒருவருக்குச் சாதனை, இன்னொருவருக்குப் பிழைப்பு. இரண்டு பேருக்கும் வியர்க்கிறது. ஒருவர் உடம்பு ஏன் தேறுகிறது, இன்னொருவர் உடம்பு ஏன் தேய்கிறது?

தேறுவது பொய்யில்லை. 1978-ல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அன்றைக்கு அது கிறுக்குத்தனம். இன்றைக்கு உலகம் முழுக்க நடுத்தர வயதுக்காரர்கள் அதற்காக விடியற்காலையில் எழுந்திருக்கிறார்கள். மிலிந்த் சோமன் 2015-ல் ஜூரிக்கில் முடித்தபோது அவருக்கு 49 வயது. அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர் 48 வயதில் ஓடத் தொடங்கி, 82 வயதில், 2012-ல், ஒரு முழு அயர்ன்மேனை முடித்தார்.

உடம்புக்குள் நடப்பதும் எளிமையானதுதான். வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. பழகப் பழக இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் சும்மா இருக்கும்போது நாடி மெதுவாகிறது. ஆனால் இந்த மாற்றங்கள் கைகூட ஓட்டம் மட்டும் போதாது. ஓடி முடித்து, சாப்பிட்டு, தூங்கும் நேரத்தில்தான் உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறது. ஒழுங்கான பயிற்சி அட்டவணை எதிலும் ஓய்வு நாள் இருக்கும், சுமையைக் குறைக்கிற வாரமும் இருக்கும்.

சுமை தூக்குகிறவருக்கு அந்த வாரத்தை யார் கொடுப்பது?

கோபன்ஹேகனில் 1,04,046 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு மாரடைப்பு முதலான ஆபத்துகள் குறைவாக இருந்தன. வேலையில் கடுமையாக உடம்பை அசைப்பவர்களுக்கு அதே ஆபத்துகள் கூடுதலாக இருந்தன. இதை ‘உடலுழைப்பு முரண்’ என்கிறார்கள். காரணம் உழைப்பா, அதோடு ஒட்டிவரும் வறுமையா என்ற விவாதம் ஓயவில்லை. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று, மூட்டை தூக்குகிறவருக்கு நினைத்த நேரத்தில் உட்கார முடியாது என்பது. மணிக்கணக்காக நாடி இறங்காது. மறுநாளும் அதே வேலை. ஓடுகிறவருக்கு முட்டி வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். அந்த நிறுத்திக்கொள்ளும் உரிமைதான் இரண்டு வியர்வைக்கும் நடுவில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நம் மாவட்டத்திலேயே ஒரே உடம்பு இரண்டையும் பார்த்திருக்கிறது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 2012-ல் அவர் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிறகு அரசுப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அதே கால்கள், அதே நுரையீரல். அவரிடம் போய் “மனசு வச்சா எல்லாம் முடியும்” என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் “நான் மாறினேன், நீயும் மாறலாம்” என்ற பேச்சு அதைத்தான் சொல்கிறது. அதில் விட்டுப்போகிற கணக்கு நேரம். முழு அயர்ன்மேனுக்குத் தயாராகிறவர் வாரத்துக்குப் பத்து, பதினைந்து மணி நேரம் செலவழிக்கிறார். அந்த நேரம் வானத்திலிருந்து விழவில்லை. அவர் சைக்கிளில் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். கடையை யாரோ திறக்கிறார்கள். வியர்வையில் நனைந்த துணியை யாரோ அலசிப் போடுகிறார்கள். அந்த ‘யாரோ’வுக்கும் ஒரு உடம்பு இருக்கு. அதுக்கும் சர்க்கரை வரும்.

அதற்காகப் பயிற்சியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். சர்க்கரை வந்தவர் ஓடத்தான் வேண்டும். உடம்பின் மூலமாக வாழ்க்கை மாறும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைக் கிராமங்களில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம நர்சுகள். ஊர் கேலி பேசியது; அவர்கள் மிதித்தார்கள். அவர்களுக்கு யாரும் எல்லைக்கோட்டில் மெடல் மாட்டவில்லை. பஸ்ஸுக்காகவும், கொண்டுபோய் விடும் ஆம்பளைக்காகவும் காத்துக்கிடந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது என்று அவர்களே முடிவுசெய்தார்கள்.

நெடுந்தூரப் பயிற்சி ஒரு மனிதரை உண்மையிலேயே மாற்றியதா என்று பார்க்க அவருடைய எடையையும் நேரத்தையும் மட்டும் கேட்டால் போதாது. ஓய்வில்லாமல் உடம்பு தேறாது என்பதைத் தன் தசையிலேயே படித்தவர் அவர். அந்தப் பாடம் அவர் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலியாகவும், வீட்டில் இருப்பவருக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுதாகவும் மாறியிருக்கிறதா என்று கேட்கணும். மாறியிருந்தால், டீக்கடைக் கேள்விக்கு அவர் தாராளமாகப் பதில் சொல்லலாம்: கூலி கிடைச்சுதுங்க, பங்கும் கொடுத்தாச்சு.