சோடனை ஒளியும் அயலின் இருளும்

வீட்டின் பின்வளவில் நான்கு தூண்களும் ஒரு கூரையுங் கொண்ட சிறு மண்டபம் ஒன்று உள்ளது எனக் கொள்க. அதற்குச் சுவர்கள் இல்லை. மாலை வேளையில் வீட்டார் அங்கமர்ந்து தேநீர் அருந்துவர். விருந்தினர் வந்தால் உரையாடி மகிழ்வர். வெளிச்சத்திற்கென ஏற்கெனவே ஒரு மின்குமிழ் அங்கு உண்டு. ஒருநாள் வீட்டுக்காரர் சின்னஞ்சிறு மின்குமிழ்கள் கோத்த சரமொன்றை வாங்கிவந்து தூண்களைச் சுற்றியும் கூரை விளிம்பிலும் கட்டுகின்றார். அதன் ஒளியில் புத்தகம் வாசித்தல் இயலாது. வழி காண்பதற்கும் அது வேண்டியதில்லை. அது வெறுஞ் சோடனையே. அற்பமெனத் தோன்றும் இச்செயல் அறவியல் வினாவொன்றை எழுப்புகின்றது. தேவைக்கு மேற்பட்ட ஒளியை ஏற்றும் உரிமை மனிதனுக்கு உண்டா? உண்டெனின், அவ்வுரிமையின் எல்லை யாது?

அத்தகைய உரிமை இல்லை என்போரின் வாதம் வலிமையானது. வியன்னா நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் அடொல்வ் லூஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலங்காரத்தைக் குற்றத்தோடு இணைத்துப் பேசினார். உழைப்பும் பொருளும் அதனால் விரயமாகின்றன என்பது அவரது முறைப்பாடுகளுள் ஒன்று. இலங்கையில் வாழ்வோர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதற் பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது; போத்தல் விளக்கின் சுடரில் ஒரு தலைமுறை கல்வி கற்றது. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மண்ணெண்ணெய்க்காக மக்கள் வரிசையில் நின்றனர். ஒளியின் விலையை இவ்வாறு அறிந்த சமூகத்தில், எதற்கும் உதவாத ஒளி குற்றமாகவே தோன்றுதல் இயல்பு.

ஆயினும் இவ்வாதம் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றது. தேவையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு மனிதன் எக்காலத்தும் வாழ்ந்ததில்லை. கார்த்திகை விளக்கீட்டின்போது வாயிலில் மட்டுமன்றிக் கிணற்றடியிலும் மாட்டுத் தொழுவத்திலுங்கூட விளக்கேற்றும் வழக்கம் உண்டு. அன்றிரவு கிணற்றடியில் எவரும் தண்ணீர் அள்ளப்போவதில்லை. எண்ணெய் அருமையான வீட்டிலும் ஒரு சுடரேனும் அங்கு வைக்கப்படும். இதனை விரயம் என்று ஒதுக்கிவிடின் வறியவனின் வாழ்வு உணவும் உறக்கமுமாகக் குறுகிவிடும். அழகு செல்வர்க்கே உரியதெனக் கூறுவது வறுமைக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும்.

கொழும்பில் 1877 இற் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி, அலங்காரம் என்னுஞ் சொல்லின் மூலப்பொருள் ஒன்றைப் போதுமானதாக்குதல், நிறைவாக்குதல் என்பதேயாம் எனச் சுட்டிக்காட்டியுள்ளார். அவர் கருத்துப்படி அலங்காரம் பொருளின்மேற் பின்னர் ஒட்டப்படும் மிகையன்று; பொருள் தன் பணியைச் செவ்வனே ஆற்றுதற்கு வேண்டியது. பின்வளவு மண்டபத்தை இந்நோக்கில் மீண்டும் காணலாம். பகலில் அது வளவின் ஒரு பகுதி. இரவிலோ சுவரற்ற அம்மண்டபம் இருளிற் கரைந்துவிடுகின்றது. கூரை விளிம்பில் ஒளிச்சரம் ஓடும்போது அதற்கு உள்ளும் புறமும் உண்டாகின்றன. அங்கமர்ந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் மென்மையாகக் காண்கின்றனர். சுவர் செய்யாத பணியை ஒளி செய்கின்றது. ஆகவே, எதற்கும் உதவாதது என்ற முதற்கூற்று முழு உண்மையன்று. கூடியிருத்தலை நிறைவாக்குவதும் ஒரு பயனே.

எனினும் எல்லாச் சோடனையும் இத்தகையதன்று. இம்மானுவேல் காண்ற் 1790 இல் வெளியிட்ட நூலில், பொருளின் வடிவத்தோடு இயைந்து அதன் அழகை மிகுவிக்கும் அணியையும், தன் பகட்டினால் மட்டும் பாராட்டைத் தேடும் அணியையும் வேறுபடுத்தினார். தூணின் வடிவை எடுத்துக்காட்டும் சரம் முதல்வகை. மண்டபமே தெரியாதவாறு அதனை மூடிப் பலநிறங்களிற் கண்சிமிட்டும் சரக்குவியல் இரண்டாம்வகை. அழகிது எனத் தீர்ப்பளிப்பவன் அனைவரது இசைவையும் எதிர்பார்க்கின்றான் என்பதும் காண்ற்றின் கருத்து. அவ்வனைவருள் வேலிக்கு அப்பாலுள்ள அயலவரும் அடங்குவர். சாளரத்தில் விழும் ஒளியால் உறக்கமிழந்தவரின் வெறுப்பு அழகுத் தீர்ப்பன்று என ஒருவர் மறுக்கலாம். அது சரியே. ஆயின், பிறரது இசைவை வேண்டிநிற்பவன், அவர் அதனைக் கண்டு மகிழும் நிலையில் உள்ளாரா என எண்ணாதிருப்பது முரண்பாடாகும்.

இங்குப் பழைய விளக்கிற்கும் புதிய சரத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கற்பாலது. அகல் விளக்கின் எல்லை அதன் எண்ணெயிலேயே இருந்தது. எண்ணெய் தீர்ந்ததும் சுடர் அணைந்தது. மனிதன் தன்னைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 1882 இல் எடிசனின் கூட்டாளியான எட்வேட் ஜோன்சன் நியூயோர்க்கிலுள்ள தமது வீட்டில் 80 மின்குமிழ்களால் நத்தார் மரத்தைச் சோடித்தபோது அது செல்வரின் அதிசயமாக இருந்தது. இன்று எல்.ஈ.டி. சரம் எளியோர்க்கும் கிட்டுகின்றது. நீல ஒளியுமிழும் இருவாயியைக் கண்டுபிடித்த மூவர்க்கு 2014 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டமைக்கு, வெண்ணொளியைச் சிக்கனமாகப் பெற அது வழிசெய்தமையே காரணம்.

ஆனாற் சிக்கனம் எப்போதுஞ் சேமிப்பாவதில்லை. 7 உவாற்று இழைக்குமிழ்கள் 25 கொண்ட சரம் மூன்று மணித்தியாலம் எரிந்தால் 525 உவாற்று மணி செலவாகும். 1 உவாற்றுக் குமிழ்கள் 25 கொண்ட புதிய சரம் பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தாலும் 300 உவாற்று மணியே. செலவு குறைவுதானே என எண்ணி மூன்று சரங்களை விடியும்வரை எரியவிட்டால் அது 900 ஆகிவிடும். எரிபொருளின் திறமான பயன்பாடு அதன் நுகர்வைக் கூட்டக்கூடும் என ஜெவன்ஸ் 1865 இலேயே நிலக்கரி பற்றி எடுத்துரைத்தார். எல்லை பொருளிலிருந்து நீங்கும்போது அது மனிதனின் உளத்தில் இடம்பெற வேண்டியதாகின்றது. மலிவு தடையை நீக்குமிடத்திலேயே கடமை தொடங்குகின்றது எனலாம்.

மேலும், ஒளி வேலியை மதிப்பதில்லை. மின்மினிகள் தம் துணையை ஒளிக்குறியாலேயே அழைக்கின்றன. செயற்கை ஒளி மிகுந்த இடத்தில் அவ்வழைப்பு அமிழ்ந்துபோகின்றது. விட்டில்கள் விளக்கைச் சுற்றிச் சுற்றியே ஓய்கின்றன. மனித குலத்தின் மூன்றிலொரு பங்கினர் தாம் வாழுமிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவராயினர் என 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஒரு பின்வளவுச் சரத்தினால் வானம் மறைந்துவிடாது என்பது மெய்யே. ஆனால் என் பங்கு சிறியது என ஒவ்வொருவருங் கூறியதன் கூட்டுத்தொகையே இவ்விழப்பாகும்.

எஞ்சுவது மிகக் கடினமான வினா. 2022 இன் மின்வெட்டிரவொன்றில், தெரு முழுவதும் இருண்டிருக்க, ஒருவர் தமது மின்பிறப்பாக்கியை இயக்கிச் சோடனைச் சரத்தையும் எரியவிட்டார் எனக் கொள்வோமாயின், அவர் இழைத்த தீங்கு யாது? அவர் எவருடைய ஒளியையும் களவாடவில்லை. தம் பணத்தையே செலவிட்டார். சட்டம் அவரைக் குற்றஞ்சாட்டாது. ஆயினும் அத்தெருவிற் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி மெழுகுதிரியின் முன் குனிந்திருக்கையில், அவ்வொளி அவளிடம் ஒன்றைக் கூறுகின்றது: உன் இருள் எனக்கொரு பொருட்டன்று. தீங்கு இழைக்காமலே அவமதித்தல் கூடும். அறம் சட்டத்தினும் விரிந்தது என்பதற்கு இதுவே சான்று.

இதற்கான விடையை மண்டபத்தின் அமைப்பே உணர்த்துகின்றது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் தெருவின் மேலேயே கூரையிட்டு, இருமருங்குந் திண்ணைகளோடு அமைந்த கற்கட்டடம். சுவரால் அடைக்கப்படாத அக்கூரை வழிப்போக்கர் எவரும் தங்கி இளைப்பாறுதற்கு உரியது. பின்வளவிற்குப் பெயர்ந்தபோது அத்தகைய கூரை தனியுடைமையாயிற்று. ஆயினும் சுவரின்மை என்னும் பண்பு அதனை விட்டு நீங்கவில்லை. மின்வெட்டிரவில் அயற்பிள்ளைகள் தம் புத்தகங்களோடு அம்மண்டபத்திற்கு அழைக்கப்பட்டிருப்பின், அங்கிருந்த பெரிய மின்குமிழ் அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும்; சரத்தின் ஒளி எவரையும் புண்படுத்தியிராது. அதே சரம், அதே இரவு; வேறுபட்டது உறவு மட்டுமே.

ஆகவே சோடனை ஒளி தன்னளவிற் குற்றமுமன்று, குற்றமற்றதுமன்று. அது மண்டபத்தை நிறைவாக்குகின்றதா, அயலவரின் உறக்கத்தையும் சிற்றுயிர்களின் இரவையும் மதிக்கின்றதா, வேண்டும்போது பிறரை உள்ளே அழைக்கின்றதா என்பவற்றைப் பொறுத்தே அதன் அறம் அமையும். உரையாடல் முடிந்து விருந்தினர் விடைபெற்றபின் சரத்தை அணைப்பதும் சோடித்தலின் ஒரு பகுதியே. முன்னோர்க்கு எண்ணெய் செய்துகொடுத்த அப்பணியை இன்று மனிதன் தன் கையாற் செய்யவேண்டியுள்ளது.