ஒன்பது மாதம் யாருடையது?

2013 ஜனவரி 20 அன்று ஆஸ்திரிய அரசு தன் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டது: கட்டாய ராணுவப் பணி தொடரட்டுமா, சம்பளத்துக்குச் சேரும் வீரர்கள் மட்டும் போதுமா? ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கட்டாயமே இருக்கட்டும் என்றனர். எல்லையில் எந்தப் படையும் வந்து நிற்கவில்லை. பலரின் மனத்தில் இருந்தவை ஆம்புலன்சும் முதியோர் இல்லமும்தான். ஆயுதம் தொட விரும்பாத இளைஞர்கள் அங்கே ஆறு மாத ராணுவப் பணிக்குப் பதிலாக ஒன்பது மாதம் சமூகப் பணி செய்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்க வண்டியில் நோயாளியை ஏற்றி இறக்குகிறார்கள், நடமாட முடியாதவர்களைக் கவனித்துக்கொள்கிறார்கள். கட்டாயம் போய்விட்டால் இந்தக் கைகளுக்கு எங்கே போவது என்று மக்கள் கவலைப்பட்டார்கள்.

கவலை உண்மையானது. ஆனால் வேலைக்கு ஆள் தேவை என்பதாலேயே ஒருவனுடைய ஒன்பது மாதத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு வந்துவிடாது. நியாயமான சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைச் சிறு படித்தொகைக்குச் சட்டத்தைக் காட்டி வாங்கினால், அதற்குச் சேவை என்ற பெயர் பொருந்தாது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்த ஆபத்தை உணர்ந்திருந்தது. கட்டாய ராணுவப் பணிக்கு அது விலக்கு அளித்தது. அதுவும் முழுக்க ராணுவத் தன்மை கொண்ட வேலைக்கு மட்டும்.

ஜெர்மனி 2011இல் கட்டாயத்தை நிறுத்தி வைத்தது. ராணுவத்துக்கு மாற்றாக அரை நூற்றாண்டு நடந்துவந்த சமூகப் பணியும் அதோடு முடிந்தது. அந்த இடத்தில் வந்த தன்னார்வப் பணித் திட்டம் பெண்களுக்கும் எல்லா வயதினருக்கும் திறந்திருந்தது. விரும்பி வருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கட்டாயத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் வேறொன்று. உள்நாட்டுப் போர் ஓய்ந்த பின் 1973இல் நைஜீரியா, பட்டதாரிகள் ஓராண்டு பணியாற்ற வேண்டும் என்று விதித்தது. வழக்கமாகச் சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். சண்டையிட்டுப் பிரிந்த இனங்களின் பிள்ளைகள் தாமாக ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் வாழ்ந்திருப்பார்களா? சந்தேகம்தான். இந்த நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனாலும் 2011 தேர்தலுக்குப் பின் வடக்கே வெடித்த கலவரத்தில், அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். அனுப்பிவைக்கும் அரசு அவர்கள் உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

எரித்திரியாவில் நடந்தது இன்னும் கொடுமை. 1995இல் கட்டாயப் பணி 18 மாதம் என்று சட்டம் போட்டார்கள். 1998இல் எத்தியோப்பியாவோடு மூண்ட போரைக் காரணம் காட்டி நீட்டினார்கள். இளைஞர்களால் ஆண்டுக்கணக்கில் விடுபட முடியவில்லை. ஐ.நா. விசாரணை ஆணையம் 2016இல் அதை அடிமைமுறை என்றே குறிப்பிட்டது.

இந்திய அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்துவிட்டு, பொதுநோக்கங்களுக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் என்ற அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியொரு சட்டம் என்றாவது வந்தால், கால வரம்பும் கூலியும் மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்களுக்கான வழியும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். யாருக்கு மேசை, யாருக்குத் துடைப்பம் என்பதைப் பொதுவெளியில் குலுக்கல் போட்டே தீர்மானிக்க வேண்டும். அமைச்சர் வீட்டுப் பிள்ளையின் பெயரும் அந்தக் குலுக்கலில் இருக்க வேண்டும்.