தும்மலுக்குத் தலைகுனியாதே!

லண்டனிலும் மான்செஸ்டரிலும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பியே, தங்கையே! கண் அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறாய். "எனக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?" என்று புலம்புகிறாயா? போதும் புலம்பல். நிமிர்ந்து உட்கார்!

பிரிட்டனில் ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் தேர்வுகள் மே, ஜூன் மாதங்களில் நடக்கின்றன. புல்லின் மகரந்தம் காற்றில் பறந்து 'ஹே ஃபீவர்' கிளப்புவதும் அதே மாதங்களில்தான். இந்தத் தொல்லையோடு தேர்வெழுதியவர்கள் மாதிரித் தேர்வைவிட ஒரு கிரேடு இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்று 2007-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை போட்டவர்களுக்கோ 70 சதவீதம்! 'வெறும் தும்மல்தானே' என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். உன் அவதி உண்மை. ஆனால் அதுவே உன் தலையெழுத்தா?

மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லிக்கும் இதே அவதிதான். முடங்கிப் படுத்தாரா? மகரந்தத்தைத் தன் மூக்கிலும் கண்ணிலும் தோலிலுமே இட்டுச் சோதித்தார். பட்டம் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டறிந்தார். தன்னை வாட்டிய நோயின் மூலத்தை 1873-இல் நூலாக எழுதி உலகுக்குச் சொன்னார். அந்த நாட்டுக் காற்றைத்தானே நீயும் சுவாசிக்கிறாய்? அந்தத் துணிவும் உனக்கு வரட்டும்!

ஹே ஃபீவர் தேதி சொல்லிவிட்டு வரும் எதிரி. அவனிடம் ஆயத்தமில்லாமல் சிக்குவது யார் குற்றம்?

மருத்துவரை இப்போதே பார். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர இரண்டு வாரம் வரை ஆகலாம்; பருவத்துக்கு முன்பே தொடங்கு. தூக்கம் வராத மாத்திரை எதுவென்று கேள். புது மாத்திரையைத் தேர்வு நாளில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதே. மகரந்தம் மிகுந்த நாளில் ஜன்னலைச் சாத்து, துணியை வீட்டுக்குள் காயப்போடு, வெளியே போய் வந்ததும் குளித்து உடை மாற்று. பள்ளியில் முன்கூட்டியே சொல்லி, ஜன்னலோர இருக்கையை மாற்றித் தரக் கேள். கூச்சப்படாதே, கேட்க உனக்கு உரிமை உண்டு. மூச்சு இழுத்தாலோ நெஞ்சு இறுகினாலோ வீரம் காட்டாதே. உடனே மருத்துவ உதவி தேடு.

ஓராண்டு உழைத்திருக்கிறாய் நீ. உன் மதிப்பெண்ணைக் கண்ணுக்குத் தெரியாத தூள் தீர்மானிக்க விடலாமா? காலண்டரை எடு. பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்னால் வரும் தேதியை வட்டமிடு. அன்றைக்கே போரைத் தொடங்கு. வெல்வாய்!